ஓஎஸ்பிஎஃப்: ரேடியோவின் காஸ்ட் 65535, ஆனாலும் டிராஃபிக் அதில்தான் போகிறது

கேள்வி

டர்பன் தலைமை அலுவலகத்துக்கும் சாட்ஸ்வர்த் கிடங்குக்கும் இடையே இரண்டு லிங்க். ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசி வழியைத் தேர்ந்தெடுக்கும் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறை இரண்டிலும் ஓடுகிறது. ஃபைபர் 1 ஜிபிபிஎஸ், ஏரியா 0 (ஏரியா என்பது ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க்கின் ஒரு பகுதி; 0 மற்றவற்றை இணைக்கும் முதுகெலும்பு). லோட் ஷெடிங்குக்காக (சுழற்சி மின்வெட்டு) போட்ட ரேடியோ 100 எம்பிபிஎஸ், ஏரியா 10. கிடங்கின் லேன் 10.20.0.0/24, அதுவும் ஏரியா 10. சாட்ஸ்வர்த்துக்குப் பின்னால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் கிளை, ஏரியா 0. எல்லாம் சிஸ்கோ. காஸ்டைக் கணக்கிட லிங்க் வேகத்தால் வகுக்கப்படும் ரெஃபரன்ஸ் பேண்ட்வித் எல்லா ரவுட்டரிலும் 100000 (எம்பிபிஎஸ்), எனவே ஃபைபர் காஸ்ட் 100; காஸ்ட் குறைந்த வழிதான் வெல்ல வேண்டும். ரேடியோவுக்கு 65535 கொடுத்தும் டர்பனில் கிடங்குக்கான ரூட் ரேடியோவை விட்டு நகரவில்லை. ஃபைபரில் நெய்பர் (மறுமுனை ரவுட்டர்) ஃபுல் நிலையில்தான், அதாவது முழு இணைப்பில்தான் இருக்கிறது.

மறுமொழி 1

இங்கே காஸ்ட் ஒப்பிடப்படவே இல்லை. ஓஎஸ்பிஎஃப்-இன் தர ஆவணமான ஆர்எஃப்சி 2328 முதலில் ரூட்டின் வகையைப் பார்க்கிறது: இன்ட்ரா ஏரியா (அதே ஏரியாவுக்குள்), பிறகு இன்டர் ஏரியா (வேறு ஏரியா வழியாக), அதன் பின் ஈ1, ஈ2 (ஓஎஸ்பிஎஃப்-க்கு வெளியிலிருந்து வருபவை). ஒரே வகையில் இரண்டு வழி இருந்தால்தான் காஸ்ட். டர்பன் ரவுட்டருக்கும் ஏரியா 10-இல் இன்டர்ஃபேஸ் இருப்பதால் ரேடியோ வழி இன்ட்ரா ஏரியா. ஃபைபர் வழி வருவது இன்டர் ஏரியா.

"ஷோ ஐபி ரூட் 10.20.0.0" அடித்தால் "இன்ட்ரா ஏரியா" என்றே காட்டும். "ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் டேட்டாபேஸ் சம்மரி 10.20.0.0" அடித்தால் சாட்ஸ்வர்த் ஏரியா 0-க்கு அனுப்பிய டைப் 3 (ஒரு ஏரியாவின் ரூட்டை இன்னொன்றுக்குச் சொல்லும் அறிவிப்பு) இருக்கும். ஃபைபர் வழி வந்துதான் தோற்றிருக்கிறது. டிஸ்டன்ஸை (ரூட் வந்த மூலத்தின் முன்னுரிமை எண்; குறைந்தது வெல்லும்) மாற்றியும் பயனில்லை. ரவுட்டிங் டேபிளுக்குப் போகும் முன்பே ஓஎஸ்பிஎஃப் முடிவெடுத்துவிடுகிறது.

மறுமொழி 2

இதைவிடப் பெரிய ஆபத்து பீட்டர்மாரிட்ஸ்பர்க். ஃபைபர் அறுந்தால் ஏரியா 0 இரண்டாகப் பிளக்கும். டர்பனில் ஏரியா 0-வில் வேறு நெய்பர் இருந்தால், ஏரியா 10 வழியாக வரும் டைப் 3-ஐ அந்த ரவுட்டர் கணக்கில் எடுக்காது. ரேடியோ நன்றாக ஓடும், கிளை மட்டும் காணாமல் போகும்.

ரேடியோவை ஏரியா 0-வுக்கு மாற்றுங்கள். டர்பனுக்கு ஏரியா 10-இல் வேறு இன்டர்ஃபேஸ் இல்லையென்றால் இரண்டு வழியும் இன்டர் ஏரியா ஆகும், காஸ்ட் பேசத் தொடங்கும். ஃபைபர் வழியாக லாகின் செய்து இரு முனையையும் மாற்றுங்கள்; ஒரு முனை மட்டும் மாறினால் ஏரியா பொருந்தாமல் நெய்பர் விழும். 65535-ஐ நீக்கிவிடுங்கள், இயல்பான 1000 போதும்.

கேள்வி கேட்டவர்

நன்றி. அதுவரை ஃபைபர் பக்கம் ஒரு ஸ்டாடிக் ரூட் (கையால் எழுதும் நிலையான வழி) போட்டு வைக்கலாமா?

மறுமொழி 2

வேண்டாம். ஃபைபர் நடுவில் உள்ள ஸ்விட்ச்சைத் தாண்டி மின்சாரம் போனால் உங்கள் போர்ட் அப் ஆகவே இருக்கும்; டிஸ்டன்ஸ் 1 உள்ள ஸ்டாடிக் அசையாது, பாக்கெட் எல்லாம் குழியில் விழும். ஓஎஸ்பிஎஃப்கூட ஈத்தர்நெட்டில் நெய்பர் போய்விட்டது என்று முடிவெடுக்கும் டெட் டைமர் முடிய 40 நொடி எடுக்கும். ஃபைபரில் பிஎஃப்டி (லிங்க் உயிரோடு இருக்கிறதா என்று வேகமாகச் சோதிக்கும் நெறிமுறை) போடுங்கள், இடைவெளி 300 மில்லிசெகண்ட், மல்டிப்ளையர் 3 (மூன்று முறை பதில் வராவிட்டால் லிங்க் போனதாகக் கொள்ளும்). ஒரு நொடிக்குள் தெரிந்துவிடும்.

மறுமொழி 3

ரேடியோ கோபுரத்தில் ஏரியா 10 சாதனம் இருந்து மாற்ற முடியாவிட்டால், ஆர்எஃப்சி 5185 சொல்லும் மல்டி ஏரியா (ஒரே லிங்க் ஒன்றுக்கு மேற்பட்ட ஏரியாவில் இருப்பது) உண்டு. ஃபைபரின் இரு முனையிலும் நெட்வொர்க் டைப்பை பாயின்ட் டு பாயின்ட் ஆக்கி, "ஐபி ஓஎஸ்பிஎஃப் மல்டி-ஏரியா 10" கொடுங்கள். கிடங்கு ரூட் ஃபைபருக்கு வரும். ஆனால் மேலே சொன்ன ஏரியா 0 பிளவை இது தீர்க்காது.