ஆச்சி கேட்ட கேள்வி: உங்கள் கிறிஸ்துமஸ் அனுபவங்கள்

காரைக்குடிப் பொண்ணு:
நாலு வருஷமாக உறுத்துகிற விஷயம். பள்ளத்தூருக்கு கேரல்ஸ் போயிருந்தோம், வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாட. வேன், கிடார், தாத்தா வேஷம், உங்களுக்கே தெரியும். ஒரு பெரிய வீட்டு முகப்பில் ஆச்சி ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்ததும், பைபிளில் இயேசு பிறந்ததைச் சொல்கிற லூக்கா இரண்டாம் அதிகாரத்தை நான் வாசித்தேன்.

"முன்னணைன்னா என்ன ஆத்தா?"

"மாட்டுக்குத் தீனி போடுற தொட்டி ஆச்சி."

மடித்துக்கொண்டிருந்த வெற்றிலையை அப்படியே தட்டில் போட்டுவிட்டார். "பச்சப் புள்ளையவா அதுல போட்டாக? பெத்தவளுக்குப் பத்தியம் பாத்தது யாரு? மருந்து கிண்டிக் குடுக்க ஒருத்தருமா இல்ல?"

எனக்குப் பதில் வரவில்லை. கடவுள் மனிதரானதைச் சொல்கிற 'வார்த்தை மாம்சமாகி' வசனத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால் மரியாளுக்கு இடுப்பு வலித்திருக்கும், பசித்திருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

மறுநாள் அந்த வீட்டிலிருந்து ஓர் அண்ணன் ஒரு சின்னத் தூக்கோடு கோயிலுக்கு வந்தார். பிரசவ லேகியம். சுக்கும் திப்பிலியும் கருப்பட்டியும் மணந்தது. மேலே நல்லெண்ணெய் மிதந்தது. "அந்தப் புள்ள பெத்தவ பக்கத்துல வைக்கச் சொன்னாக" என்றார். சபையில் யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று பயந்து, கோயிலில் ஜோடித்திருந்த இயேசு பிறப்புக் குடிலில் வைக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன்.

தேவகோட்டை வாசகன்:
சகோதரி, ஒன்றைத் திருத்த வேண்டும். மரியாள் அநாதையாகக் கிடக்கவில்லை. 'சத்திரத்திலே இடமில்லை' என்று படித்துப் படித்து நாமே அப்படிக் கற்பனை செய்துகொண்டோம். கிரேக்க மூலத்தில் அங்கே இருக்கும் சொல் 'கட்டலூமா'. லூக்கா 22:11-ல் இயேசு பஸ்கா பண்டிகை விருந்து உண்ணக் கேட்ட விருந்தினர் அறைக்கும் அதே சொல்தான். நல்ல சமாரியன் கதையில் (10:34) வருகிற சத்திரத்துக்கு லூக்கா வேறு சொல் போடுகிறார். ஆக, அது உறவுக்காரர் வீடாகவே இருக்கலாம். விருந்தாளி அறை நிறைந்துவிட, மாடு கட்டும் பக்கம் படுக்க வைத்திருப்பார்கள். அங்கே பெண்கள் இருந்திருப்பார்கள். தொழுவம் என்ற சொல்லே அந்த அதிகாரத்தில் கிடையாது, பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு யோசனை. வெளியே வாசிக்கும்போது 1995-ல் வந்த திருவிவிலியம் என்ற பைபிள் மொழிபெயர்ப்பை எடுத்துப் போங்கள். 'தீவனத் தொட்டி' என்றே இருக்கும், யாருக்கும் விளக்க வேண்டாம். ஒரே பத்தி போதும். பாட்டும் இரண்டுக்கு மேல் வேண்டாம், வயசானவர்கள் பனியில் உட்கார்ந்திருப்பார்கள்.

கானாடுகாத்தான் பையன்:
எங்க அப்பா பூட்டிக் கிடக்கிற ஒரு வீட்டுக்கு ராத்திரிக் காவல். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆள் இல்லாத வீடு என்று கேரல்ஸ் வேன் ஒவ்வொரு வருஷமும் நிற்காமல் போய்விடும். ஒரு வருஷம் மட்டும் சபை உபதேசியார் இறங்கி வந்தார். தேவதூதன் சேதி சொல்ல வந்தபோது மேய்ப்பர்கள் 'இராத்திரியிலே தங்கள் மந்தையைக் காத்துக்கொண்டிருந்தார்கள்' என்ற இடத்தை டார்ச் வெளிச்சத்தில் அப்பாவுக்கு வாசித்தார்.

அப்பா கேட்டது இதுதான்: "அப்ப சாமி பொறந்த சேதி மொதல்ல காவக்காரனுக்குத்தான் வந்துச்சா?"

உபதேசியார் தலையாட்டினார். அப்பா அன்று விடியும்வரை மப்ளரை அவிழ்த்துக் கையிலேயே வைத்திருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

புதுவயல் மருமகள்:
தேவகோட்டை அண்ணே, நீங்கள் சொல்கிற சொல் ஆராய்ச்சி சரியாகவே இருக்கட்டும். ஆச்சி கேட்டது அறை எங்கே என்றா? பெத்தவளை யார் கவனித்தார்கள் என்று கேட்டார். பெண்கள் இருந்தார்கள் என்று லூக்காவும் எழுதவில்லையே. எனக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது அம்மா இல்லை. எதிர்வீட்டு ஆச்சிதான் நாற்பது நாளும் பத்தியச் சோறு கொடுத்துவிட்டார். நற்செய்தி என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அந்தக் கிண்ணம்தான் ஞாபகம் வருகிறது.

காரைக்குடித் தங்கச்சி, அந்தத் தூக்கு இன்னும் இருக்கிறதா?

காரைக்குடிப் பொண்ணு:
இருக்கிறது அக்கா. கழுவி வைத்திருக்கிறேன். ஆச்சி போன மாசிவரை இருந்தார். இந்தக் கிறிஸ்துமஸுக்கு நானே லேகியம் கிண்டி, அதே தூக்கில் குடிலில் வைக்கப் போகிறேன். யாராவது கேட்டால் ஆச்சி கேட்டதைச் சொல்வேன். நல்லெண்ணெய் எப்போது ஊற்ற வேண்டும், கருப்பட்டி கரைந்த பிறகா?