Re: ‘ரெக்கார்டு’ என்றாலே சாதனையா? கோல்பால் அட்டவணைக்குச் சொல் வேண்டும்

வணக்கம்.

> ஜப்பான் மகளிர் கோல்பந்து அணி: வட்டார வாகையர் போட்டிகளில் சாதனைகள்

கோல்பால் என்பது பார்வையற்றோர் மணியுள்ள பந்தை வீசி, அணிக்கு மூன்று பேராக ஆடும் ஆட்டம். அதன் அட்டவணைக்கு, ‘ரெக்கார்டு’ என்பதைத் தமிழாக்கி வைத்த இந்தத் தலைப்பில் எனக்கு முதலில் உறுத்துவது ‘சாதனைகள்’தான். 2012 லண்டன் பாராலிம்பிக் இறுதியாட்டத்தில் ஜப்பான் சீனாவை 1–0 என வென்று தங்கம் வாங்கியது சாதனை, அதில் சந்தேகமில்லை. ஆனால் நாம் போடப்போவது மண்டலப் போட்டிகளின் முழு அட்டவணை, அதில் ஓர் அணிக்கு முதலிடம் வந்த ஆண்டும் இருக்கலாம், அரையிறுதியைத் தொடாத ஆண்டும் இருக்கலாம், போட்டிக்குப் போகவே போகாத ஆண்டும் இருக்கலாம். மேலே ‘சாதனை’ என்று எழுதிக் கீழே ‘ஆறாமிடம்’ என்று போட்டால் கிண்டல் செய்வது போலாகிவிடும். ‘பதிவுகள்’ என்றார் ஒருவர், அது முன்பதிவு, பத்திரப்பதிவு பக்கம் போய்விடுகிறது. ‘போட்டி வரலாறு’ போதும் என்பது என் கருத்து. வெற்றி தோல்வி இரண்டுமே அதில் அடங்கும், வேறு எந்த அணிக்கும், எந்த விளையாட்டுக்கும் அப்படியே எடுத்து வைக்கலாம்.

‘வட்டாரம்’ சிங்கப்பூரில் சரி, அங்கே ‘வட்டார நாடுகள்’ என்பது செய்தியிலேயே வரும். தமிழ்நாட்டில் வட்டாரம் என்றால் நாலு ஊர். பார்வையற்றோர் விளையாட்டுக்கான உலகக் கூட்டமைப்போ உலகத்தையே ஆப்பிரிக்கா, அமெரிக்கா, ஆசியா–பசிபிக், ஐரோப்பா என்று நாலாகத்தான் பிரித்திருக்கிறது, ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் ஒரே பிரிவு. இவ்வளவு பெரிய பரப்புக்கு ‘மண்டலம்’தான் தாங்கும். ‘வாகையர்’ வேண்டுமா? ‘மண்டல சாம்பியன்ஷிப்’ என்றால் யாருக்கும் புரியும், விட்டுவிடலாம்.

அப்புறம் விளையாட்டின் பெயர். ‘கோல்பந்து’ என்றதும் நம் ஆட்கள் கம்பைத் தேடுவார்கள், ஹாக்கிக்கு ‘வளைகோல் பந்து’ என்று வேறு வைத்திருக்கிறோம். ‘ஒலிப்பந்து’ கேட்க நன்றாக இருக்கிறது, உள்ளே மணி இருக்கும் 1.25 கிலோ பந்துக்குப் பொருந்தவும் செய்கிறது, ஆனால் பார்வையற்றோர் கிரிக்கெட்டிலும் கால்பந்திலும்கூடப் பந்து சத்தம் போடும். ‘இலக்குப்பந்து’ என்றால், பொச்சியா என்ற இன்னொரு பாராலிம்பிக் ஆட்டத்தில் எல்லோரும் குறிவைக்கும் அந்த வெள்ளைப் பந்துக்கு என்ன சொல்வது? வாலிபாலை ஏற்றுக்கொண்ட நாக்கு கோல்பாலையும் ஏற்றுக்கொள்ளும். ‘பால்’ என்று யாராவது கடி ஜோக் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

உண்மையில் தமிழ்ச் சொல் தேவைப்படுவது ஆட்டத்துக்குள்ளேதான். பத்து கோல் வித்தியாசம் வந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும், பன்னிரண்டு பன்னிரண்டு நிமிடமாக இரண்டு பாதியும் ஓடாது. அட்டவணையில் 10–0, 12–2 என்று பார்க்கிறவருக்கு இது தெரியாது, முழு நேரமும் ஆடி அப்படித் தோற்றார்கள் என்று நினைப்பார். அதனால் அந்த ஸ்கோர் பக்கத்தில் ‘முன்முடிவு’ என்று ஒரு குறி போடலாம் என்று யோசித்தேன். சிக்கல் என்னவென்றால், ‘முன்முடிவோடு பேசுகிறார்’ என்று ஏற்கெனவே வேறு பொருளில் புழங்குகிறது. ‘பத்து கோல் முடிவு’ என்று நீட்டியே எழுதிவிடலாமா?

பெனால்டி வீச்சில் மூன்று பேர் காக்கும் 9 மீட்டர் கோலை ஒருவரே காக்க வேண்டும், அதற்குப் ‘பெனால்டி’யே இருக்கட்டும். ஆட்டக்காரர்கள் அனைவரும் கட்டிக்கொள்ளும் கறுப்புக் கண்ணாடி போன்ற மறைப்புக்குக் ‘கண்மறை’ என்று வைத்திருக்கிறேன். ‘கண்கட்டு’ வேண்டாம், அது மந்திரவாதி வேலை. மாற்று இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் இவற்றை வைத்தே அட்டவணையை ஏற்றிவிடுகிறேன்.