61 வயசுல குதிரை மேல ஆசை: எங்க இருந்து தொடங்குறது?

நானுஓயா டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். நான் தோட்டப் பாடசாலையில படிப்பிச்சு ஓய்வு பெற்றவள். போன ஏப்ரல் சீசனுக்குப் பேரனை நுவரெலியா கிரகரி வாவிக்குக் கூட்டிப் போனேன். அவன் குதிரைச் சவாரி முடிச்சு இறங்கினதும், அந்தப் பொட்டைக் குதிரை என் தோள்ல மூக்கை வச்சு ஊதுச்சு. அதுக்கப்புறம் நேரம் கிடைச்சாப் போதும், பஸ் ஏறிப் போயிடுறேன்.

எங்க அம்மாயி கொழுந்து பறிச்சவங்க. துரை குதிரையில வந்தா பாதையை விட்டு ஒதுங்கி, தலையைக் குனிஞ்சு நிக்கணுமாம். எங்க வீட்டுல குதிரைன்னா அந்தப் பயம்தான். அதே மலையில இப்ப நான் குதிரைக் கழுத்தைத் தடவிக்கிட்டு நிக்கிறேன். இது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு வீட்டுல யாருக்கும் விளங்கல.

சவாரி செய்ய ஆசை இல்ல, முழங்காலும் சரியில்ல. பராமரிக்கப் பழகணும். குதிரைக்காரத் தம்பி "வாங்க டீச்சர், காட்டித் தாறேன்"னு சொல்றாரு. இந்த வயசுல ஆபத்தா? இன்னொண்ணு, அந்தக் குதிரையோட பின்னங்கால் குளம்புல கெட்ட நாத்தம் வருது. அது என்ன?

ரேஸ்கோர்ஸ் பக்கத்து ஆள்:
டீச்சர், தாராளமாப் பழகலாம். சின்ன வயசுல இருந்தே அப்பா கூட லாயத்துல நிக்கிறவன் சொல்றேன். குதிரைக்குக் கண்ணு ரெண்டு பக்கமும் இருக்கிறதால கிட்டத்தட்ட 350 பாகை தெரியும். நேர் பின்னாலயும் மூக்குக்கு நேர் முன்னாலயும்தான் தெரியாது. அதனால பேசிக்கிட்டே தோள் பக்கமாப் போங்க. காது ரெண்டும் பின்னால படிஞ்சு ஒட்டியிருந்தா கிட்டப் போகாதீங்க. கயித்தைக் கையில சுத்திப் பிடிக்கவே கூடாது. மிரண்டு ஓடினா விரல் போயிடும். முதல்ல பிரஷ் போட்டுப் பழகுங்க, அதுலதான் குதிரை உங்களை அடையாளம் பிடிக்கும்.

பதுளை (கால்நடை வைத்தியப் பிரிவில வேலை செஞ்சவர்):
நாத்தம் பெரும்பாலும் குளம்பு அழுகல். குளம்புக்கு அடியில முக்கோணமா ஒரு மெத்தை மாதிரி இருக்கும், அதோட பள்ளத்துல சேறும் சாணியும் அடைஞ்சு கிருமி பிடிக்கும். நுவரெலியா மழைக்கும் ஈரத் தரைக்கும் இது வரத்தான் செய்யும். தினமும் கொக்கியால தோண்டிச் சுத்தம் செஞ்சு, நிக்கிற இடத்தைக் காய வைக்கணும். கறுப்பா ஊத்தினாலோ நொண்டினாலோ வைத்தியரைக் கூப்பிடச் சொல்லுங்க. 6 முதல் 8 கிழமைக்கு ஒருக்கா குளம்பு வெட்டணும்.

சுற்றுலா வாறவங்க பாண் ஊட்டுறதைக் கண்டா தடுங்க. மெஷின்ல வெட்டிக் குவிச்ச புல்லும் ஆகாது, சீக்கிரம் புளிச்சிடும். குதிரையால வாந்தி எடுக்க முடியாது. வயித்துல கோளாறு வந்தா உயிருக்கே ஆபத்து. நீங்களும் ஏற்புவலி (டெட்டனஸ்) ஊசி போட்டிருக்கான்னு பாருங்க, லாயத்து மண்ணுல அந்தக் கிருமி இருக்கும்.

தீவகத்தான்:
அக்கா, ஒருக்கா எங்கட நெடுந்தீவுக்கும் வாங்கோ. வெள்ளைக்காரன் காலத்தில விட்டிட்டுப் போன குதிரையளின்ர வம்சம் வெளியில தானா மேயுது. ஆனா அதுகளைத் தொட ஆசைப்படாதேங்கோ, தூரத்தில நிண்டு பாருங்கோ. கோடையில தண்ணிக்கு அலையிறதைப் பாக்க நெஞ்சு பொறுக்காது.

நானுஓயா டீச்சர்:
எல்லாருக்கும் நன்றி. குளம்பு விஷயத்தைத் தம்பிக்கு ஃபோன்ல வாசிச்சுக் காட்டினேன். லாயத்துல பலகை போட்டுத் தரையை உயர்த்துறேன்னு சொன்னாரு, பலகைச் செலவை நான் பாத்துக்கிறேன். நெடுந்தீவுக்குப் பாடசாலை விடுமுறையில பேரனோட வாறேன். ரேஸ்கோர்ஸ் தம்பி, குளம்பு தோண்டுற கொக்கி நுவரெலியாவுலயே வாங்கலாமா, இல்ல கொல்லுப் பட்டறையில சொல்லிச் செய்யணுமா?