பதின்மூன்று கோல்களும் தேவைதானா?

எல்லைக்கோடு:
2019 ஜூன் 11 அன்று பிரான்சின் ரேம்ஸ் நகரில் நடந்த மகளிர் உலகக்கோப்பைக் கால்பந்து ஆட்டத்தில் அமெரிக்கா தாய்லாந்தை 13–0 என்று வென்றது. இடைவேளையில் 3–0தான், மீதிப் பத்தும் இரண்டாம் பாதியில் விழுந்தவை. வென்றதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒன்பதாவது கோலை அடித்த மேகன் ரப்பினோ, புல்தரையில் சறுக்கிக் காலை உதைத்துக் கொண்டாடியதை என்னால் ஏற்க முடியவில்லை. கை ஓங்கி நிற்பவர்களுக்குத்தான் அடக்கம் தேவை.

தென்றல்:
நண்பரே, பிரிவில் இரு அணிகள் சம புள்ளிகள் பெற்றால், அடித்த கோல்களுக்கும் வாங்கிய கோல்களுக்கும் உள்ள கோல் வித்தியாசம்தான் முதலில் பார்க்கப்படும் என்பது அந்தப் போட்டியின் விதி. அதே பிரிவில் வலுவான ஸ்வீடன் இருந்தபோது, எந்தப் பயிற்சியாளர் ‘இத்தோடு போதும்’ என்பார்? அன்று கோல் அடித்த எழுவரில் லவெல், மூவிஸ், ஹோரன், பியூ ஆகிய நால்வருக்கு அதுதான் முதல் உலகக்கோப்பை. மாற்று வீராங்கனையாக இறங்கிய பியூவிடம், பல ஆண்டு உழைப்புக்குப் பின் கிடைத்த வாய்ப்பை வீணாக்கு என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

எல்லைக்கோடு:
கோல் அடிக்க வேண்டாம் என்பதல்ல என் வாதம். 2014 ஆண்கள் உலகக்கோப்பை அரையிறுதியில், பிரேசிலை அதன் சொந்த மண்ணில் எதிர்கொண்ட ஜெர்மனி இடைவேளைக்குள் 5–0 என்று முன்னிலை பெற்றது. இரண்டாம் பாதியில் எதிரணியை இழிவுபடுத்தாமல், அதே நேரத்தில் முழுக் கவனத்தோடு ஆடுவது என்று ஓய்வறையில் முடிவெடுத்ததாக ஜெர்மனி வீரர் ஹம்மல்ஸ் பின்னர் சொன்னார். அதன் பிறகும் அந்த அணியின் ஷூர்லே இரண்டு கோல் அடித்தார். முழு மூச்சாக ஆடவும் முடியும், எதிரணியின் மானத்தைக் காக்கவும் முடியும்.

பயிற்சிக்களம்:
நான் பள்ளி மாணவியருக்குப் பயிற்சி அளிப்பவன். ஒரு மாவட்டப் போட்டியில் ஆறு கோல் வாங்கியிருந்தோம். அப்போது எதிரணிப் பயிற்சியாளர், நல்லெண்ணத்தோடுதான் என்று நம்புகிறேன், ‘இனி எல்லாரும் இடது காலால் மட்டும் அடியுங்கள்’ என்று எங்கள் காதிலும் விழும்படி கத்தினார். அதுவரை விழுந்து விழுந்து பந்தைத் தடுத்த எங்கள் கோல்கீப்பர், வலது காலுக்கு வாகாக வந்த பந்தை ஒரு சிறுமி வேண்டுமென்றே விட்டுவிடுவதைக் கண்டதும் கையுறையைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டாள். ஆறு கோல்களுக்கு அழாதவள் அப்போதுதான் அழுதாள். இரக்கப்பட்டு விட்டுக்கொடுப்பதை நான் பெருந்தன்மை என்று சொல்லவே மாட்டேன்.

தென்றல்:
ஐயா சொல்வதற்குத் தாய்லாந்தே சான்று. ஐந்து நாள் கழித்து ஸ்வீடனிடம் 5–1 என்று தோற்ற ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் கஞ்சனா அந்த ஒரே கோலை அடித்தபோது, அணி மேலாளர் நுவல்பான் லம்சம் கண்ணீர் விட்டு அழுதார். ஸ்வீடன் வீராங்கனைகள் ஒதுங்கி நின்று கொடுத்த கோலாக அது இருந்திருந்தால், அந்தக் கண்ணீருக்கு என்ன பொருள் இருந்திருக்கும்?

எல்லைக்கோடு:
அந்த மாணவி கையுறையைக் கழற்றிய காட்சி என்னை யோசிக்க வைக்கிறது. வேகத்தைக் குறைத்திருக்கலாம் என்று உள்ளூர நினைத்திருந்தேன், அதை விட்டுவிடுகிறேன். 2001இல் ஆண்கள் உலகக்கோப்பைத் தகுதிச்சுற்றில் ஆஸ்திரேலியா, அமெரிக்க சமோவா என்ற சிறு பசிபிக் தீவு அணியை 31–0 என்று வென்றதற்கும், கடவுச்சீட்டுச் சிக்கலால் பதின்வயதுச் சிறுவர்களோடு வந்த ஓர் அணியை நேரே அவர்கள் முன் நிறுத்திய போட்டி அமைப்பைத்தான் குறை சொல்ல வேண்டும். அன்று பதின்மூன்று கோல் அடித்த ஆஸ்திரேலிய வீரர் ஆர்ச்சி தாம்சனை அல்ல.

ஆனால் கொண்டாட்டம் விதியில் இல்லை, கோல் வித்தியாசத்திலும் சேராது. அது முழுக்க முழுக்க ஆடுபவரின் விருப்பம். ரேம்ஸில் பதின்மூன்றாவது கோலை அடித்த கார்லி லாய்டு, ஆட்டம் முடிந்ததும் தாய்லாந்து கோல்கீப்பரிடம் சென்று ஆறுதல் சொன்னார். ஒன்பதாவது கோலின்போதும் அந்தக் கோல்கீப்பர் அதே கம்பங்களுக்கு நடுவில்தான் நின்றுகொண்டிருந்தார்.