இரவு ஷிப்டும் ஒரு மாத்திரையும்

கோவைப் பகுதியில் ஒரு நூற்பாலையில் நான் பல ஆண்டுகள் தொழிலாளர் நல அலுவலராக இருந்தேன். உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 வந்தால் சிவப்பு ரிப்பன் அணிந்து உறுதிமொழி வாசிப்போம், எச்.ஐ.வி. தொற்றுடன் எங்களிடையே வேலை செய்பவருக்கு என்ன தேவை என்று ஒருமுறையும் கேட்டதில்லை.

2019-இல் ஸ்பின்னிங் பிரிவுத் தொழிலாளி ஒருவர், "சார், கதவைச் சாத்திக்கொள்ளட்டுமா?" என்று கேட்டுவிட்டு என் எதிரே அமர்ந்தார். மாத்திரை வாங்க மாதந்தோறும் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போவதால் வருகை ஊக்கத்தொகையை இழப்பதாகவும், மேற்பார்வையாளரிடம் ஒவ்வொரு மாதமும் ஒரு புதுப் பொய் சொல்ல வேண்டியிருப்பதாகவும் கூறினார். அதைவிடப் பெரிய துன்பம் இரவு ஷிப்டுதான். டெனோஃபோவிர், லாமிவுடின், எஃபாவிரென்ஸ் என்னும் மூன்று மருந்துகளும் சேர்ந்த மாத்திரையை அவர் உட்கொண்டுவந்தார். எஃபாவிரென்ஸ் தலைச்சுற்றலைத் தரும் என்பதால் அதைப் படுக்கும் நேரத்தில் விழுங்கச் சொல்வார்கள். விடியும்வரை ஓடும் இயந்திரத்தின் முன் நிற்பவர் அதை எப்போது விழுங்குவார்? இரவு ஷிப்டு வாரங்களில் சில நாள்கள் விட்டுவிடுவதாகத் தலைகுனிந்தபடி சொன்னார். அப்படி விட்டால் வைரஸ் மருந்துக்குக் கட்டுப்படாமல் போகக்கூடும் என்பதை அவரும் அறிந்திருந்தார்.

2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், நூறு பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனத்தில் புகார் அலுவலர் இருக்க வேண்டும் என்கிறது. எங்கள் ஆலையில் அப்படி ஒருவர் இல்லை. அதைச் சுட்டிக்காட்டித்தான் நிர்வாகத்தை அசைத்தேன். ஆனால் அவருக்கு மட்டும் சலுகை கேட்டிருந்தால் மறுநாளே ஆலை முழுவதும் காரணம் தேடியிருக்கும். ஆகவே, நோயின் பெயரை எழுதாமலே எவரும் நல அலுவலர் வழியாக ஷிப்டு மாற்றமும், ஊக்கத்தொகை இழக்காத மருத்துவ விடுப்பும் கேட்கலாம் என்று பொதுவிதியாகவே எழுதினோம். சர்க்கரை நோயாளிகள், காசநோய் மருந்து உண்பவர்கள், வலிப்பு உள்ள ஓர் இளைஞர் எனப் பலர் வந்தார்கள். அவர்களிடையே இவர் தனித்துத் தெரியவில்லை.

ஒருமுறை நானே தவறினேன். ஏ.ஆர்.டி. மைய முத்திரையுள்ள சீட்டை விடுப்புக் கோப்பில் வைத்துவிட்டு, இரவில் நினைவு வந்ததும் பதறி ஓடி எடுத்தேன். எழுத்துமூலச் சம்மதமின்றி ஒருவருடைய தொற்று நிலையை வெளியிடலாகாது என்று பிறருக்குப் பாடம் எடுத்தவன் நான். அன்று முதல் அத்தகைய சீட்டுகளைப் பார்த்ததும் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

பின்னர் எஃபாவிரென்ஸுக்குப் பதிலாக டோலுடெக்ராவிர் என்னும் மருந்து அடங்கிய மாத்திரைக்கு அவரை மாற்றினார்கள், தலைச்சுற்றல் நின்றது. சில வாரங்கள் கழித்து அவரே வந்து, "இனி இரவு ஷிப்டும் பார்க்கிறேன் சார், படி கிடைக்குமே" என்றார்.