மாமாவின் 34 சதவீதம்

சனிக்கிழமை

செல்வம் மாமா, இரவு 8:12
புது எடை மெஷினில் ஏறினேன். எடை 76 கிலோ, அது சரிதான். உடல் கொழுப்பு 34.2 சதவீதமாம். என்னில் மூன்றில் ஒரு பங்கு வெறும் கொழுப்பா?

மீனா அத்தை, 8:13
பாதி என்று சொல்லாமல் விட்டதே.

கார்த்தி, 8:15
மாமா, எப்போது ஏறினீர்கள்?

செல்வம் மாமா, 8:15
இப்போதுதான். நடந்துவிட்டு வியர்வையோடு வந்து அப்படியே ஏறினேன்.

கார்த்தி, 8:19
அதுதான் கோளாறு. அந்த மெஷின் கொழுப்பை நேராக அளப்பதில்லை. ஒரு பாதம் வழியாக மெல்லிய மின்சாரத்தை விட்டு மறு பாதத்தில் வாங்குகிறது. தசையில் தண்ணீர் அதிகம், அதனால் சுலபமாக ஓடும். கொழுப்பில் தடை அதிகம். அந்தத் தடை மட்டும்தான் அளவு, மீதி எல்லாம் கணக்கு. உடம்பில் தண்ணீர் வற்றியிருந்தால் தடை கூடும், அதையும் கொழுப்புக் கணக்கில் எழுதிவிடும். சூடான தோலும் வியர்வையும் குறைத்துக் காட்டும். நடந்துவிட்டு வந்து ஏறினால் எந்தப் பக்கம் சாய்ந்தது என்றே சொல்ல முடியாது.

செல்வம் மாமா, 8:21
ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்துக்கா? அப்படியானால் தொப்பை?

கார்த்தி, 8:21
ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடும். உங்கள் தொப்பையை அது அவ்வளவாக எட்டிப் பார்ப்பதில்லை.

மீனா அத்தை, 8:22
கொடுத்து வைத்த மெஷின்.

கார்த்தி, 8:24
ஆனாலும் 34 ரொம்ப அதிகம். மெஷினுக்கான ஆப்பில் வயது, உயரம் எல்லாம் சரியாகப் போட்டீர்களா?

செல்வம் மாமா, 8:26
நான் எதையும் போடவில்லை. பிரியாதான் அமைத்துக் கொடுத்தாள்.

பிரியா, 8:31
ஐயோ அப்பா. நான் என் விவரத்தைப் போட்டுச் சோதித்துப் பார்த்தேன். மாற்ற மறந்துவிட்டேன். அந்த மெஷினுக்கு நீங்கள் 23 வயதுப் பெண்.

பெரியம்மா, 8:32
செல்வம், வாழ்த்துகள்.

ஞாயிற்றுக்கிழமை

செல்வம் மாமா, காலை 6:20
எழுந்து, கழிவறை போய்விட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் ஏறினேன். என் சொந்த வயதில், ஆணாக. 27.1.

பிரியா, 7:05
நானும் அப்பாவை வைத்து ஒரு சோதனை செய்தேன். அதே ஆள், அதே ஐந்து நிமிடம். ஆப்பில் வயதை மட்டும் பத்து ஏற்றினேன், கொழுப்பும் ஏறியது. ‘விளையாட்டு வீரர்’ என்பதை அழுத்தினேன், மளமளவென்று இறங்கியது.

செல்வம் மாமா, 7:06
அதை அப்படியே விட்டுவிடு.

கார்த்தி, 7:15
மாமா, இன்ச் டேப்பால் ஒரு முறை பாருங்கள். அமெரிக்கக் கடற்படைக்காக 1984-இல் போட்ட சூத்திரம் இருக்கிறது. ஆண்களுக்கு உயரம், கழுத்து, தொப்புள் மட்டத்தில் வயிறு. பெண்களுக்கு இடுப்பின் ஒடுங்கிய இடம், அதோடு பின்புறச் சுற்றளவும் வேண்டும்.

செல்வம் மாமா, 7:40
உயரம் 170, கழுத்து 38, வயிறு 90.

கார்த்தி, 7:43
21.7 வருகிறது.

செல்வம் மாமா, 7:43
இதுதான் சரியான முறை!

மீனா அத்தை, 7:44
டேப்பைப் பிடித்தது நான். மூச்சை இழுத்துக்கொண்டு நின்றார். மூச்சை விட்டால் 92.

கார்த்தி, 7:46
அப்படியானால் 23.1. பார்த்தீர்களா, இரண்டு சென்டிமீட்டர் ஏமாற்றினால் கிட்டத்தட்ட ஒன்றரை சதவீதம் மறைந்துவிடும்.

பிரியா, 7:48
மெஷின் 27, டேப் 23. எது நிஜம்?

கார்த்தி, 7:58
இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. டேப் சூத்திரம் ஒழுங்காக அளந்தாலேயே மூன்று நான்கு சதவீதம் இப்படியும் அப்படியும் போகும். கழுத்து தடித்தவருக்குக் குறைத்துக் காட்டும். கால் மெஷின் தனி ஆளுக்கு அதைவிடவும் தவறலாம். ஆகவே இந்த நான்கு வித்தியாசம் சண்டைக்கு உரியதே இல்லை.

பிரியா, 8:00
தோலைக் கிள்ளி அளக்கும் காலிப்பர்?

கார்த்தி, 8:07
பழகிய கை என்றால் நல்லதுதான். மார்பு, வயிறு, தொடை என்று மூன்று இடத்தில் மடிப்பை அளந்து போடும் ஆண்களுக்கான சூத்திரம் 1978-இல் வந்தது. ஆனால் இன்று நீ கிள்ளி நாளை நான் கிள்ளினால் இரண்டு பேர் கணக்கும் சேராது. நான் காலிப்பர் பழகிய முதல் மாதத்தில் ஒரே ஆளின் ஒரே தொடையில் எனக்கு மூன்று விடை வந்தது. இன்னொன்று, அது தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்பை மட்டும் பிடிக்கும். மாமாவின் வயிறு கல்லு மாதிரி இருக்கிறதே, அந்த மாதிரி உள்ளே குடலைச் சுற்றிச் சேர்ந்தது கிள்ளலில் வராது. கெடுதல் அதில்தான் அதிகம்.

செல்வம் மாமா, 8:09
அது தசை என்று நினைத்திருந்தேன்.

பிரியா, 8:10
டெக்ஸா ஸ்கேன் எடுத்தால்?

கார்த்தி, 8:13
இவை எல்லாவற்றையும்விட மேல். ஆனால் அதுவும் எக்ஸ்ரே வைத்துப் போடும் கணிப்புதான். நேரடியாக அளக்க வேண்டுமென்றால் உடலை அறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

மீனா அத்தை, 8:13
எனக்குச் சம்மதம்.

பெரியம்மா, 8:20
அடுத்த வாரம் வரும்போது நானும் அந்த மெஷினில் ஏறிப் பார்க்கிறேன்.

கார்த்தி, 8:20
வேண்டாம் பெரியம்மா! உங்களுக்குப் பேஸ்மேக்கர் இருக்கிறது. மின்சாரம் விடும் மெஷினில் ஏறக்கூடாது. கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம் என்பார்கள்.

பெரியம்மா, 8:22
அப்போது எனக்கு என்ன வழி?

கார்த்தி, 8:27
ஒரு கயிறு போதும். உங்கள் உயரத்துக்கு வெட்டி இரண்டாக மடியுங்கள். மடித்த கயிறு வயிற்றைச் சுற்றி வர வேண்டும். வயிறு உயரத்தில் பாதியைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். சதவீதம் எதுவும் சொல்லாது. மாமா, நீங்களும் பாருங்கள். அப்புறம் மெஷினில் ஏறினால் வாரம் ஒரு நாள் காலையில், அதே நேரம், அதே வெறும் வயிறு. ஒரு நாள் எண்ணை விட்டுவிட்டு இரண்டு மாதத்தில் எந்தப் பக்கம் நகர்கிறது என்று மட்டும் பாருங்கள்.

பெரியம்மா, 8:51
எனக்குக் கயிறு சுற்றி வந்து ஒரு விரல் மிச்சம். செல்வம், உனக்கு?

செல்வம் மாமா, 8:58
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மீனா அத்தை, 8:59
நான் படித்துவிட்டேன். ‘மூன்று விரல்தான் எட்டவில்லை’ என்று போட்டிருந்தார். மூச்சை விட்டால் நான்கு.