ஷோப்பனின் எத்யூட்களில் அடுத்தது எது?

பியானோ நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். இசையமைப்பாளர் ஷோப்பனின் ஓபஸ் 10 என்ற தொகுப்பில் 12ஆம் எத்யூடை (விரல் பயிற்சிக்கான இசைத்துண்டு) ஒருவழியாக முடித்துவிட்டேன். இடக்கைக்கு நல்ல வேலை; இனி வலக்கையின் முறை.

ஓபஸ் 10-இன் 2ஆம் எத்யூடில் கண் விழுந்திருக்கிறது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் கீழே சுரக்கூட்டைத் தொட, மற்ற மூன்று விரல்களும் அரைச்சுரம் அரைச்சுரமாக ஏறி இறங்க வேண்டும். முதல் பக்கத்திலேயே முன்கை இறுகிவிடுகிறது. இசைத்தாளில் குறித்திருக்கும் நிமிடத்துக்கு 144 தட்டு என்ற வேகமெல்லாம் இப்போதைக்குக் கனவு!

இல்லையென்றால் ஓபஸ் 25-இன் 1. கேட்க இதம்தான், ஆனால் சின்னச் சுரங்களை அடக்கி மேல்சுரத்தை மட்டும் பாடவைப்பது லேசுப்பட்ட காரியமா?

கறுப்புக் கட்டை எத்யூடை (ஓபஸ் 10-இன் 5) சொல்லாதீர்கள்; கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. 2ஆம் எத்யூடை வாசித்தவர்கள் எந்த வேகத்தில் தொடங்கினீர்கள்? கை வலி வந்ததா?